காற்று திரும்புது, மிதவையைத் தூக்கு!

ஹைதராபாத் உசேன் சாகர் ஏரியில் ஜூலை மாதம் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கும்போது, டாங்க் பண்ட் சாலையில் போகிறவர்கள் கண்ணில் படுவதெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சில முக்கோணங்கள். புத்தர் சிலையின் பின்னணியில் அவை போகும், வரும், திடீரென்று ஒன்று குப்புறச் சாயும். அழகுதான். ஆனால் அசல் கூத்து கரையிலும், கொடிமரம் நட்ட கமிட்டி படகிலும், நடுவர்கள் அறையிலும் நடக்கிறது. அதுவும் கடைசிப் பந்தயங்கள் சனி, ஞாயிறில் வந்து, பதக்கம் யாருக்கு என்பது இன்னும் முடிவாகாமல் இருந்தால்... அங்கே ஓர் ஓரமாக நிற்கக் கிடைத்தவர் பாக்கியசாலி!

முதலில் கரை. காலையில் படகுகள் வரிசையாகக் கிடக்கும். பெரும்பாலும் லேசர் ரகம். 2019இல் இல்கா என்று பெயர் மாறியும் வாய் லேசர் என்றே சொல்கிறது. 4.2 மீட்டர் நீளம், உடல் மட்டும் 59 கிலோ, ஒரே ஆள். இதில் ஒரு சூட்சுமம்: உடல் ஒன்றே, பாய் மட்டும் மூன்று அளவு. சின்னப் பிள்ளைகளுக்கு 4.7 சதுர மீட்டர், அடுத்தது 5.76, பெரியவர்களுக்கு 7.06. வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியது இந்தப் பெரிய பாயில்தான். நேஹா தாக்கூர் வெள்ளி வாங்கியது சின்னதில்.

கயிறு முறுக்கிக்கொண்டும் டேப் சுற்றிக்கொண்டும் இருக்கும் எல்லோருடைய கண்ணும் நொடிக்கு ஒருதரம் வடகரைக்குப் போய் வரும். அங்கே சஞ்சீவையா பூங்காவில் 291 அடி உயரக் கம்பத்தில் தேசியக் கொடி. 2016 ஜூனில் ஏற்றிய சில நாட்களிலேயே காற்று அதைக் கிழித்துவிட்டது என்றால் இந்த ஏரிக் காற்றின் குணம் புரியும்! கொடி விறைத்து நின்றால் கரையில் ஒரே குதூகலம். கொஞ்சம் பயமும்தான்.

பலமான காற்றைக்கூடச் சமாளிக்கலாம். கோணம் மாறிக்கொண்டே இருக்கும் காற்றுதான் ஆட்டிவைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஊரைக் கடந்துதான் ஏரிக்கு வர வேண்டும். வழியெங்கும் அடுக்குமாடிகள், இடையிடையே சந்துகள். முட்டி, பிளந்து, பீறிட்டு வந்து சேரும்போது அதற்கு ஒரே திசை என்று எதுவும் இருப்பதில்லை. ஒரு கணக்குப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு: காற்றை எதிர்த்து ஒரே மட்டத்தில் போகும் இரண்டு படகுகள், பக்கவாட்டில் 100 மீட்டர் இடைவெளி. காற்று 10 டிகிரி திரும்புகிறது. எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கப் படகுக்குச் சுமார் 25 மீட்டர் லாபம். அதாவது ஆறு படகு நீளம், கூடுதல் வேகம் ஒரு பொட்டுகூட இல்லாமல்!

இந்தக் காற்றோடு கமிட்டி படகில் இருப்பவர்கள் படும் பாடு இருக்கிறதே! புறப்பாட்டுக் கோட்டைக் காற்றுக்குக் குறுக்காகப் போட வேண்டும். முதல் மிதவை காற்று வரும் திசையில் நேராக நிற்க வேண்டும். பந்தய அதிகாரி திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு எண்களைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்வார்: 250, 265, 240. நடுவாந்தரமாக ஒன்றைத் தீர்மானித்து, ரப்பர் படகுக்காரர்கள் மிதவையை நட்டு, நங்கூரக் கயிற்றை இறுக்கியதும் வாக்கி டாக்கி அலறும்: "காற்று திரும்பிடுச்சு, மிதவையைத் தூக்கு!" ஏரியின் கறுப்புச் சேறு முகத்தில் தெறிக்க நங்கூரத்தை இழுத்து, பாய்ந்து போய், மறுபடி நடுவார்கள். இவர்களுக்குப் பதக்கம் கிடையாது. என்னைக் கேட்டால் முதல் பதக்கமே இவர்களுக்குத்தான்.

அதுவரை சிவப்பும் வெள்ளையும் பட்டைபோட்ட ஒத்திவைப்புக் கொடி மேலே பறக்கும். அது இறங்கிய ஒரு நிமிடத்தில் ஐந்து நிமிடக் கணக்கு ஆரம்பம். பிரிவுக் கொடி ஏறும். இன்னும் நான்கு நிமிடம் இருக்கையில் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரமிட்ட கொடி. ஹார்ன் ஊதாமல் போனாலும் பரவாயில்லை, சட்டப்படி நேரம் கொடியை வைத்துத்தான். கடைசி நிமிடத்தில் அத்தனை படகுகளும் கோட்டை நெருக்கியடித்து, பாய் படபடக்க, "ஸ்டார்போர்ட்! ஸ்டார்போர்ட்!" என்று கத்தும். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கே வழி.

கூட்டமாகக் கோட்டைத் தாண்டிவிட்டார்களா? நீலமும் மஞ்சளுமான முக்கோணக் கொடி ஏறும், எல்லோரும் திரும்ப வேண்டும். பிறகும் அடங்காவிட்டால் கறுப்புக் கொடி! கடைசி நிமிடத்தில் மூக்கை நீட்டிய படகுக்கு விசாரணையே கிடையாது, நேராகத் தகுதி நீக்கம். கமிட்டி படகில் ஒருவர் கோட்டிலிருந்து கண்ணெடுக்காமல் பாய் எண்களை ரெக்கார்டரில் சொல்லிக்கொண்டே இருப்பார். மூச்சு விடுவாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

மாலையில் நடுவர்கள் அறை. மேசைமேல் குட்டிக் குட்டிப் பொம்மைப் படகுகள், காற்றைக் காட்ட ஓர் அம்புக்குறி. உப்புக் கண்டமாக வெயிலில் காய்ந்துபோன இரண்டு பேர் அவற்றை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, மிதவை அருகில் யார் யாருக்கு வழிவிடவில்லை என்று வாதாடுவார்கள். தண்ணீரிலேயே தப்பை உணர்ந்தவர் படகை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் கணக்கைத் தீர்த்திருப்பார். சுற்றாமல் வந்து தோற்றால் தகுதி நீக்கம். முதலிடத்துக்கு 1 புள்ளி, குறைந்த மொத்தமே வெற்றி என்னும் இந்த ஆட்டத்தில், 60 படகுகள் பதிவாகியிருந்தால் அவர் தலையில் 61 புள்ளி விழும். மோசமான ஒரு பந்தயத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகையை ஏற்கெனவே செலவழித்திருந்தால் கதை கந்தல்.

உடனே பட்டியல் திருத்தி அச்சாகும். அறிவிப்புப் பலகை முன்னால் தள்ளுமுள்ளு. ஈரச் சட்டையோடு ஒரு பிள்ளை, நான்காம் இடத்தில் தன் பெயரைத் தேடிப் பதறி, மூன்றாம் இடத்தில் கண்டுபிடித்து, அம்மாவுக்குப் போன் போட ஓடும்.