உரும்பிராய் வீதிக்கு எந்த ஆராய்ச்சி வேண்டும்?

உரும்பிராய்த் தோட்டத்து வெங்காயமும் வாழைக்குலையும் பலாலி வீதியால்தான் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகின்றன. அந்த வீதியின் கீழே செம்மண். அதன்கீழ் சுண்ணாம்புப் பாறை. மேலே போடும் கருங்கல் யாழ். குடாநாட்டில் கிடையாது. வன்னியிலிருந்து லொறியில் வரவேண்டும். மாரி மழையோ பாறை வெடிப்புகளால் இறங்கிக் கிணறுகளைச் சேர்கிறது. இங்கே எந்த வீதி நிலைக்கும், எது கிணற்றைக் கெடுக்காது என்பதை இந்த மண்ணில்தான் சோதிக்க முடியும்.

அரச பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியை எப்படித் தெரிவு செய்வது? அமெரிக்காவில் 1984இல் ஓர் ஆய்வுக்குழு, நெடுஞ்சாலைகளுக்குக் கொட்டப்படும் பணத்தோடு பார்த்தால் ஆராய்ச்சிக்குப் போவது சொற்பம் என்று காட்டியது. எல்லாத் தலைப்புக்கும் கிள்ளிக் கொடுக்காமல், பெரும்பலன் தரக்கூடிய 6 துறைகளை மட்டும் தேர்ந்தது. 1987இல் 5 ஆண்டுகளுக்கு 15 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. அதில் 5 கோடி தாருக்கு. அந்தந்த ஊரின் வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்றபடி தாரைத் தெரிவு செய்யும் ‘சூப்பர்பேவ்’ முறை அதில் பிறந்தது. கூடவே, ஏறத்தாழ 2,500 வீதித் துண்டுகளை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கும் பணியும் தொடங்கியது.

ஆராய்ச்சியின் பலனை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு மதுரையைப் பார்க்கலாம். தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடாக்கிய சல்லியில் கழிவுப் பிளாஸ்ரிக்கைப் பூசி, பிறகு தார் கலக்கும் முறையைக் கண்டார். தமிழ்நாட்டில் அப்படிப் போட்ட வீதிகள் சில ஆண்டுகள் வாகனமும் மழையும் கண்டபின், இந்திய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றை ஆய்வு செய்வித்தது. 2013இல் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. ஆய்வுகூடத்தில் தொடங்கியது வீதியில் சோதிக்கப்பட்டு விதியாயிற்று.

ஆனால் மதுரையின் விடையை அப்படியே உரும்பிராய்க்குக் கொண்டுவர முடியாது. தேய்ந்து உதிரும் பிளாஸ்ரிக் துகள் நிலத்தடி நீருக்குப் போகுமா என்பது இங்கே முதற்கேள்வி. கருங்கல்லுக்குப் பதிலாகச் சுண்ணாம்புக் கல்லை எவ்வளவு சேர்க்கலாம், அதை அகழ்ந்தால் நன்னீருக்கு என்ன நேரும் என்பது அடுத்தது.

இந்தக் கேள்விகளைப் பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் லொறிச் சாரதியும் தோட்டக்காரரும் எழுப்ப வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இருக்கிறது. ஆராயும் கைகள் தொலைவில் இல்லை. ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, வீதி போட்டபின் பல மாரிகளுக்கு அதை அளந்து பார்க்க ஒதுக்கிவைக்க வேண்டும். எத்தனை கட்டுரை வெளிவந்தது என்று எண்ணினால் போதாது. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளில் எது சேர்ந்தது, பள்ளம் எவ்வளவு குறைந்தது என்றே கேட்க வேண்டும். தோற்ற சோதனையும் வெளியாக வேண்டும். அதற்கும் மக்கள்தான் பணம் கொடுத்தார்கள்.