கதவுக்கு முட்டுக் கொடுத்த டம்பெல்

போன மாதம் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க எதையோ முட்டுக் கொடுத்திருந்தார். குனிந்து பார்த்தால், நாலு கிலோ டம்பெல்!

"என்ன அண்ணி, இதைத் தூக்கித்தானே உடம்பு கலகலன்னு இருக்குன்னு சொன்னீங்க?"

"அதை ஏன் கேக்கறே! நாலு மாசம் ஒரு நாள் விடாம செஞ்சேன். இப்போ அதைப் பார்த்தாலே எரிச்சலா வருது. எங்கம்மா பாத்ரூமில வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்த படுக்கையா கிடந்தாங்க இல்லே? அந்தக் கதி நமக்கு வரக்கூடாதுன்னுதான் ஆரம்பிச்சேன். நான் சரியான சோம்பேறி ஆயிட்டேன்" என்றார். கண் கலங்கிவிட்டது.

அண்ணியின் பயம் நியாயமானதுதான். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எடை தூக்கும் பயிற்சி தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும். அதை அடியோடு விட்டுவிடுவது நல்லதல்ல. ஆனால் அண்ணிக்கு வந்தது சோம்பலா?

இது அலுப்பு, சோம்பல் அல்ல

அண்ணியின் அன்றாடத்தைக் கேட்டேன். காலை நாலரைக்கு எழுந்து டம்பெல். பிறகு தண்ணீர் பிடித்து, சமைத்து, டிபன் டப்பா கட்டி, படுக்கப் பதினோரு மணி. இளைக்க வேண்டுமென்று ராத்திரிச் சாப்பாடும் கட்! அலுக்காமல் என்ன செய்யும்?

எடை தூக்கும்போது தசை இழைகள் நுண்ணிய அளவில் சேதமடைகின்றன. ஓய்விலும் தூக்கத்திலும்தான் அவை சீராகி வலுப்பெறுகின்றன. ஓய்வே கொடுக்காமல் தினமும் இழுத்தால், பலம் கூடுவதற்குப் பதில் குறையும். தூக்கம் கெடும், சிடுசிடுப்பு வரும், நேற்றுத் தூக்கிய எடையே இன்று மலையாகத் தெரியும். உடம்பு கெஞ்சுவதை நாம் சோம்பல் என்று திட்டிக்கொள்கிறோம்.

மீராபாய்க்கும் வந்தது

மணிப்பூர் கிராமத்தில் விறகு சுமந்து வளர்ந்த மீராபாய் சானுவைத் தெரியாதவர்கள் உண்டா? 2016 ரியோ ஒலிம்பிக்கில், இரண்டாம் கட்டத்தில் மூன்று முறை முயன்றும் அவரால் எடையைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. மனமுடைந்து, விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்தார். மனநல நிபுணரின் உதவியை நாடினார். மறு வருஷம், 2017இல், மொத்தம் 194 கிலோ தூக்கி உலகச் சாம்பியன் ஆனார். 2018இல் முதுகுவலி வந்து ஆசிய விளையாட்டுப் போட்டியை விட நேர்ந்தது. அதிலிருந்தும் மீண்டு, 2021இல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அவரே நின்று, உதவி கேட்டு, மறுபடி தொடங்கியிருக்கும்போது நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மறுபடி தொடங்க...

• முதலில் ஒரு வாரம் முழு ஓய்வு. அந்த வாரம் குற்ற உணர்ச்சிக்கு வீட்டில் இடமில்லை!

• பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். முன்பு பழகிய தசை, புதிதாகத் தொடங்குபவரின் தசையைவிடச் சீக்கிரம் பலம் பெறும்.

• தினமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவே வாரத்தில் இரண்டு நாளாவது என்பதுதான். நடுவில் ஓரிரு நாள் இடைவெளி இருக்கட்டும்.

• உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 'பத்தே நிமிஷம்' என்று ஆரம்பியுங்கள். முடியவில்லையா? நிறுத்திவிடுங்கள். முக்கால்வாசி நாள் நிறுத்தத் தோன்றாது.

• பட்டினி கிடக்காதீர்கள். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை என்று புரதம் சேரட்டும். ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

• செய்த நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். தவறிய நாளை எண்ண வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் ஓய்வெடுத்தும் அசதி தீரவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ காரணமாக இருக்கலாம். எதிலுமே மனம் ஒட்டாமல் அழுகையாக வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை பெற்றவர்கள், அதிலும் சிசேரியன் ஆனவர்கள், டாக்டர் சரியென்ற பிறகே எடையைத் தொட வேண்டும்.

அண்ணி இப்போது செவ்வாயும் வெள்ளியும் மட்டும், இரண்டு கிலோவில் செய்கிறார். ராத்திரி சாப்பிடுகிறார். சென்ற வாரம் போன் செய்தேன். "எரிச்சல் போச்சுடீ! அடுத்த மாசம் மூணு கிலோ எடுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"கதவுக்கு?"

"அதுக்குத்தான் அம்மிக் குழவி சும்மா கிடக்குதே!"