மாயக் கதையின் முதல் தொகுதி

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. சோறு வெந்ததா என்று அறியப் பானையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டுவதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும். நூல்களை மதிப்பிடுவோரும் இப்பழமொழியை அடிக்கடி துணைக்கு அழைப்பர். ஆனால், உலையில் அரிசியை இட்ட மறுகணமே ஒருவர் வந்து, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, "இச்சோறு வேகவில்லை" என்று தீர்ப்புக் கூறினால் அவரை நாம் என்னவென்று சொல்வோம்? பல தொகுதிகளாக வளரும் ஒரு நெடுங்கதையின் முதல் தொகுதியை மட்டும் படித்துவிட்டு முழுக்கதைக்கும் தீர்ப்பு வழங்குவோர் இப்பிழையையே செய்கின்றனர்.

ஜப்பானியச் சித்திரக் கதைகளைப் பற்றியே இங்குப் பேச விரும்புகின்றேன். ஜப்பானியர் அவற்றை 'மங்கா' என்பர். நம் ஊர் மாங்காய்க்கும் இதற்கும் ஓசை ஒற்றுமையன்றி வேறு உறவில்லை. பக்கத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓவியம் தீட்டி, பேசும் சொற்களைக் குமிழ்களுக்குள் எழுதி, வலப்பக்கத்தினின்று இடப்பக்கமாகப் படிக்குமாறு அமைப்பது இதன் முறை. இவற்றுள் மந்திரமும் அரக்கரும் பறவைநாகங்களும் உலவும் மாயக் கதைகள் ஒரு பெரும் பிரிவு. மாணவர்கள் விரும்பிப் படிப்பதும், படித்தபின் ஒருவரோடு ஒருவர் வாதிடுவதும் இவற்றைப் பற்றியே. ஆகவே, இத்தகைய கதையின் முதல் தொகுதியை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை நான்கு நூல்களைக் கொண்டு ஆராய்வோம்.

முதலில், ஒரு முதல் தொகுதி எவ்வாறு பிறக்கின்றது என்று தெரிந்துகொள்ளல் நலம். இக்கதைகளுள் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே நூலாக வெளிவருவன அல்ல. வார இதழிலோ மாத இதழிலோ அத்தியாயம் அத்தியாயமாக வெளிவந்து, போதிய அளவு சேர்ந்தபின் ஏறத்தாழ இருநூறு பக்கங்கள் கொண்ட தொகுதியாகத் திரட்டப்படுகின்றன. 1968-இல் தொடங்கப்பெற்ற 'ஷோனென் ஜம்ப்' என்னும் இதழ், பின்னர் வார இதழாகி, 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இதழுக்கு 65 இலட்சம் படிகளுக்கு மேல் அச்சாயிற்று. இவ்விதழில் ஒரு வழக்கம் உண்டு. வாசகர் தமக்குப் பிடித்த கதைகள் எவை என்று அஞ்சலட்டையில் குறித்து அனுப்புவர். வாசகர் ஆதரவு பெறாத தொடர் பத்துப் பதினைந்து வாரங்களிலேயே நிறுத்தப்படுவதும் உண்டு.

இதன் பொருள் யாது? முதல் தொகுதியில் அடங்கிய அத்தியாயங்களை வரையும்பொழுது, தம் கதை இருபது தொகுதிகள் வளருமோ, இரண்டாம் தொகுதியோடு முடியுமோ என்பதை ஆசிரியர் அறியார். நெடுந்தொலைவு செல்ல வேண்டியவர், அடுத்த ஊர் வரைக்கும் பாதை உண்டா என்பதே தெரியாமல் நடக்கின்றார். அதனால் முதல் தொகுதி இரண்டு கடமைகளை ஒருங்கே ஆற்ற வேண்டியுள்ளது: தன்னளவில் நிறைவு தர வேண்டும், வளர்தற்குரிய விதையையும் தன்னுள் கொண்டிருக்க வேண்டும். மதிப்புரையாளர் இவ்விரண்டையும் தேடிப் பார்க்க வேண்டும்.

தேடும்பொழுது கேட்க வேண்டிய முதற்கேள்வி இது: இக்கதையுலகின் சட்டம் என்ன? மாயக் கதையில் எதுவும் நடக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் மதிப்பில்லை. நாயகன் இறந்தாலும் அடுத்த பக்கத்தில் எழுந்துவிடுவான் என்றால் நாம் ஏன் அஞ்ச வேண்டும்? நல்ல மாயக் கதைக்கு நம் உலகினும் கடுமையான சட்டம் ஒன்று இருத்தல் வேண்டும்.

ஹிரோமு அரகாவா என்னும் பெண்மணி வரைந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' இதற்குத் தக்க சான்று. 2001 முதல் 2010 வரை மாத இதழொன்றில் வெளிவந்து 27 தொகுதிகளாக நிறைவுற்ற கதை இது. ஹொக்கைடோ தீவில் பால்பண்ணைக் குடும்பமொன்றில் பிறந்து வளர்ந்தவர் அரகாவா. உழைப்பின்றி உணவில்லை என்பதை அத்தகைய வாழ்வு கற்பிக்கும். அவர் கதையின் சட்டமும் அதனோடு ஒத்ததே. ஒன்றைப் பெற வேண்டுமாயின் அதற்கு நிகரான மற்றொன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பதே இரசவாதத்தின் விதி. எட்வர்டு, அல்போன்ஸ் என்னும் சகோதரர் இருவர் இறந்த தாயை உயிர்ப்பிக்க முயல்கின்றனர். அதற்கு விலையாகத் தமையன் ஒரு காலை இழக்கின்றான். தம்பி உடல் முழுவதையும் இழக்கின்றான். தம்பியின் உயிரையேனும் மீட்டு ஓர் இரும்புக் கவசத்தில் பிணைப்பதற்குத் தமையன் தன் வலக்கையையும் தருகின்றான்.

இச்சகோதரர் முதல் தொகுதியில் ஒரு பாலைவன ஊருக்கு வருகின்றனர். அங்கே கொர்னெல்லோ என்னும் சமயத் தலைவன், விலை ஏதும் கொடாமல் அற்புதங்கள் நிகழ்த்துவதாகக் காட்டி மக்களை ஏமாற்றுகின்றான். காதலனை இழந்த ரோஸ் என்னும் பெண், அவன் மீண்டு வருவான் என்று நம்பிக் காத்திருக்கின்றாள். விலை கொடுத்து உண்மை கண்டவர் ஒருபுறம்; விலையில்லா அற்புதத்தை நம்பி நிற்பவள் மறுபுறம். பொய் வெளிப்பட்டபின், இனி எதைப் பற்றிக்கொண்டு வாழ்வேன் என்று அவள் கதறும்பொழுது, உன் கால்களால் நீயே நடந்து செல் என்பதே எட்வர்டு தரும் மறுமொழி. தன் கால் ஒன்றை இழந்தவன் இதைச் சொல்கின்றான். சட்டம் இங்கே வெறும் செய்தியாக நில்லாமல், கதை மாந்தரின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. இதனைக் கண்டு கூறுவதே மதிப்புரையின் தலையாய பணி.

குறையும் சொல்ல வேண்டும். எட்வர்டின் குள்ளத்தைப் பற்றிய நகைச்சுவை அளவுக்கு மிஞ்சி மீண்டும் மீண்டும் வருகின்றது. தொகுதியின் பிற்பகுதியில் வரும் சுரங்க ஊர்க் கதையும் புகைவண்டிக் கதையும் தனித்தனித் துணுக்குகளாகவே தோன்றுகின்றன. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்க. அச்சுரங்க ஊரில் மக்களைச் சுரண்டித் தோற்றோடும் யோக்கி என்னும் சிற்றதிகாரி, பின்வரும் தொகுதிகளில் மீண்டும் வந்து கதையோடு கலந்துவிடுகின்றான். முதல் தொகுதியை மட்டும் கண்டவர் இதனை அறிய இயலாது. ஆகவே, "இப்பகுதி தனித்து நிற்கின்றது" என்று கூறுவது நேர்மை. "இப்பகுதி வீண்" என்று கூறுவது அவசரம்.

இரண்டாம் கேள்வி: சொல்லால் மட்டும் இயலாத எதனை இந்நூலின் ஓவியம் செய்கின்றது? சித்திரக் கதையை மதிப்பிடும் பலர் கதைச் சுருக்கத்தைப் பத்து வரியில் எழுதி, "படங்கள் அழகாக உள்ளன" என்று ஒரு வரியில் முடித்துவிடுவர். பாட்டைக் கேட்டுவிட்டுச் சொற்களை மட்டும் விவரித்து, இசையும் நன்று என்று சொல்வது போன்றது இது.

கமோமே ஷிராஹாமா வரைந்து 2016-இல் தொடங்கிய 'விட்ச் ஹாட் அட்டெலியே' என்னும் கதையைப் பாருங்கள். கூர்நுனித் தொப்பி அணிந்த மந்திரக்காரரின் பயிற்சிக்கூடம் என்பது அதன் பெயர்க் கருத்து. ஆடை தைக்கும் தாயுடன் வாழும் கோக்கோ என்னும் சிறுமி, மந்திரக்காரியாக வேண்டும் என்று ஏங்குகின்றாள். பிறவியிலேயே அவ்வாற்றல் இருத்தல் வேண்டும் என்று ஊரார் அனைவரும் நம்புகின்றனர். ஒருநாள் கீஃப்ரீ என்னும் மந்திரக்காரர் தொழில் செய்வதை மறைந்திருந்து பார்க்கும் கோக்கோ, உண்மையை அறிகின்றாள்: மந்திரம் ஓதப்படுவதன்று, வரையப்படுவது. மையால் குறிகளை வரைந்து அவற்றைச் சுற்றி வட்டமிட்டு மூடினால் மந்திரம் பலிக்கும். எழுதுகோல் பிடிக்கத் தெரிந்த எவரும் அதைச் செய்யலாம். அதனாலேயே அது மறைத்துவைக்கப்பட்டுள்ளது.

முன்பு ஒரு விழாவில் முகமூடி அணிந்த ஒருவரிடம் வாங்கிய நூலைக் கோக்கோ எடுக்கின்றாள். அதிலுள்ள வடிவங்களின்மேல் தாள் வைத்துப் படி எடுக்கின்றாள். விளைவு, பெற்ற தாய் கல்லாகிவிடுகின்றாள். தாயை மீட்கும் வழி தேடியே அவள் கீஃப்ரீயின் மாணவியாகின்றாள். இங்கே மந்திரத் தொழிலும் ஆசிரியரின் ஓவியத் தொழிலும் ஒன்றே. நுணுகிய கோடுகளால் நிறைந்த அப்பக்கங்களைக் காணும் நாம், ஒரு கோட்டுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதைக் கண்ணாலேயே உணர்கின்றோம். இதே கதையை உரைநடையில் எழுதினால் பாதி உயிர் போய்விடும். பெயர்களும் விதிகளும் நெருக்கமாகக் குவிந்திருப்பது தொடக்கநிலை வாசகருக்குச் சற்றே இடர் தரலாம். எனினும் படமும் பொருளும் இவ்வளவு ஒன்றிய முதல் தொகுதி அரிது.

மூன்றாம் கேள்வி: இத்தொகுதி எந்தப் பெரிய வினாவை நம் கையில் தந்துவிட்டுப் போகின்றது? கனேஹிதோ யமதா எழுத, த்சுகாசா அபே வரைந்த 'ஃப்ரீரென்' 2020-இல் தொடங்கியது. பிற மாயக் கதைகள் முடியும் இடத்தில் இது தொடங்குகின்றது. அரக்கர் அரசனை வென்று, பத்தாண்டுப் பயணம் முடித்து, நால்வர் ஊர் திரும்புகின்றனர். அவர்களுள் ஃப்ரீரென் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் குலத்தவள். அவளுக்குப் பத்தாண்டு ஒரு சிறு பொழுது. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் எரிமீன் பொழிவை அடுத்த முறையும் சேர்ந்து காண்போம் என்று எளிதாகச் சொல்லிப் பிரிகின்றாள். சில பக்கங்களில் ஐம்பது ஆண்டு கழிகின்றது. வந்து பார்த்தால், வீரன் ஹிம்மெல் நரைத்துத் தளர்ந்த கிழவனாக நிற்கின்றான். வாக்களித்தபடி எரிமீன்களைக் காண்கின்றனர். பின்னர் அவன் இறக்கின்றான். அவனை அறிந்துகொள்ள முயலாமற்போனேனே என்று அவள் அடக்கத்தின்போது அழுகின்றாள். உடன் இருந்தவரை நாம் உண்மையில் அறிந்திருந்தோமா? இவ்வினா அரக்கரும் மந்திரமும் இல்லாத நம் வீட்டிலும் எழக்கூடியது. அதுவே அதன் வலிமை.

இனி என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ரியோகோ குயி வரைந்த 'டெலிஷஸ் இன் டஞ்சன்' 2014-இல் தொடங்கி 2023-இல் 14 தொகுதிகளாக நிறைவுற்றது. லாயோஸ் என்பவனின் தங்கையை நிலவறையில் பறவைநாகம் ஒன்று விழுங்கிவிடுகின்றது. அவள் செரித்துப்போகுமுன் மீட்க வேண்டும். கையில் பணமில்லை, உணவில்லை. ஆகவே வழியில் எதிர்ப்படும் அரக்க உயிர்களைச் சமைத்து உண்டுகொண்டே செல்வது என்று முடிவு செய்கின்றனர். நடக்கும் காளானும் பெருந்தேளும் இட்டுக் காய்ச்சிய குழம்போடு விருந்து தொடங்குகின்றது. முதல் தொகுதியைப் படித்த நான், "சமையற் குறிப்புகளுக்கிடையே கொஞ்சம் கதை, வேடிக்கையானது, ஆழமில்லாதது" என்று நண்பர் ஒருவருக்கு எழுதினேன். அவரும் என் சொல்லை நம்பி அந்நூலை வாங்காமல் விட்டுவிட்டார். முழுவதும் படித்தபின் முதல் தொகுதிக்கு மீண்டும் திரும்பினேன். உண்பதும் உண்ணப்படுவதுமே உயிர் வாழ்க்கை என்னும் கருத்து முதல் அத்தியாயத்திலேயே வெளிப்படையாக இருந்தது. தங்கை நாகத்தின் வயிற்றில். அவளைத் தேடுவோரின் வயிற்றில் அரக்க உயிர்கள். இதைவிடத் தெளிவாக ஆசிரியர் எவ்வாறு சொல்வார்? சிரித்துக்கொண்டே படித்ததால் நான் கவனிக்கவில்லை. குறை நூலில் இல்லை. என் படிப்பில் இருந்தது. ஒரு நல்ல நூல் நண்பர் கைக்குப் போய்ச் சேராமற்போனதற்கு நானே பொறுப்பானேன்.

மதிப்புரையை விளையாட்டாக எண்ணலாகாது என்பதற்காகவே இதனைக் கூறினேன். ஒருவர் சொல்லைக் கேட்டு மற்றொருவர் ஒரு நூலைத் திறக்கின்றார், அல்லது திறவாமலே விடுகின்றார். தொடக்கத்திலேயே வாசகரை இழந்த கதை வளராமலே நின்றுவிடலாம். அதற்காகக் குறையை மறைத்துப் புகழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சலிப்புத் தந்தால் எந்தப் பக்கத்தில், எதனால் சலிப்புத் தந்தது என்று சுட்டிக் காட்டுக. முடிவைச் சொல்லிவிடாதீர், கண்டதைக் கண்டவாறு எழுதுக, காணாததற்குத் தீர்ப்புக் கூறற்க.

மாணவ நண்பர்களே, நீங்கள் அடுத்து ஒரு முதல் தொகுதியைப் படித்து முடித்ததும், மூன்று கேள்விகளுக்கும் விடையை ஒரு பக்கத்தில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். ஓராண்டு கழித்து, கதை வளர்ந்தபின், அத்தாளை எடுத்துப் பாருங்கள். நூலைப் பற்றி எழுதிய அப்பக்கம் உங்களைப் பற்றியும் சில செய்தி சொல்லும். இட்ட அரிசி வெந்ததா என்று அப்பொழுது பார்க்கலாம். இன்று பார்க்க வேண்டியவை, அரிசி நல்லதா, நீர் அளவானதா, அடுப்பில் நெருப்பு உண்டா என்பவையே.