நெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள்

டென்னிஸ் ஆடினால் ஆயுள் பத்து வருடம் கூடுமாம். எங்கள் கோர்ட் வாட்ஸ்அப் குழுவில் யாராவது இதை அடிக்கடி தட்டிவிடுவார்கள்; கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓர் எண்ணைக் கண்டால் அது எந்த லெட்ஜரிலிருந்து வந்தது என்று பார்க்காமல் விடமாட்டேன்.

இது டென்மார்க் கணக்கு. கோபன்ஹேகன் நகரத்தில் சுமார் 8,500 பேரை 25 ஆண்டுகள் வரை கவனித்து 2018-இல் வெளியிட்டார்கள். உடற்பயிற்சியே செய்யாதவர்களைவிட டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு ஆயுள் 9.7 ஆண்டு கூடுதல். பாட்மின்டனுக்கு 6.2, கால்பந்துக்கு 4.7, சைக்கிளுக்கு 3.7, நீச்சலுக்கு 3.4. ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு வெறும் 1.5.

இதை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. டென்னிஸ் ஆட வருகிறவரிடம் பெரும்பாலும் கொஞ்சம் காசும், காலையில் நேரமும், கூப்பிட்டால் பார்க்கும் டாக்டரும் இருப்பார்கள். ஆயுளைக் கூட்டியது ராக்கெட்டா, வசதியா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆய்வு செய்தவர்களே டென்னிஸ்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பிரிட்டனில் 80,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த இன்னொரு ஆய்விலும் ராக்கெட் ஆட்டக்காரர்கள்தான் முன்னால் நின்றார்கள்: இறப்பு அபாயம் அவர்களுக்கு 47 சதவீதம் குறைவு.

இந்தக் கணக்கையெல்லாம்விட, ஆட்டம் நடக்கும் விதத்தைப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. ஒரு பாயிண்ட் பெரும்பாலும் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். அடுத்த சர்வீஸுக்குத் தொழில்முறை ஆட்டத்தில் 25 நொடி அவகாசம். நாங்கள் இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்வோம். பாதி நேரம் மருமகள் புராணத்தில் போய்விடும். இதயம் வேகமெடுக்கும், அடங்கும், மறுபடி வேகமெடுக்கும். இதற்குத்தான் ஜிம்மில் ‘இன்டர்வெல் டிரெயினிங்’ என்று பெயர் வைத்துத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

எங்களுக்கு ஆடக் கற்றுத்தரும் மார்க்கர் தம்பி ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: “அம்மா, அவங்க அடிக்கிற நேரத்துல லேசா ஒரு குதி குதிங்க. நட்டு வெச்ச மாதிரி நின்னா கால் கிளம்பாது.” ஓர் அங்குலம் எழும்பினால் போதும். இறங்கும்போது முன்பாதத்தில் இறங்க வேண்டும், முழங்கால் இளகியிருக்க வேண்டும். அதற்குள் பந்து வலமா இடமா என்று கண் பார்த்துச் சொல்லிவிடும். தோள் திரும்பும், கால் பொடி அடி வைத்துப் பக்கவாட்டில் ஓடும். எல்லாம் ஒரு நொடி வேலை. வயதானவர்கள் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். வழுக்கிய காலை அந்த ஒரு நொடிக்குள் மாற்றி ஊன்ற முடியாததுதான் பல நேரம் காரணம். கோர்ட்டில் தினமும் பழகுவது அந்த வேலையைத்தான். நடைப்பயிற்சியில் இது கிடைக்காது. நேராகப் போய் நேராகத் திரும்புகிறோம்.

எலும்புக்கும் லாபம் உண்டு. டென்னிஸ்காரர்களுக்கு ராக்கெட் பிடிக்கும் கையின் எலும்பு மற்ற கையைவிடக் கனமாக இருக்கும். பின்லாந்தில் செய்து 1995-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வயதுக்கு வரும் முன்பே ஆடத் தொடங்கிய பெண்களுக்கு இந்த லாபம் தாமதமாகத் தொடங்கியவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு என்று காட்டியது. பேத்தி இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பிறகு, ஆள். நடக்கப் போகாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. டபுள்ஸில் நாலாவது ஆள் வரவில்லை என்றால் மூன்று போன் வரும். “என்னக்கா, உடம்பு சரியில்லையா? வண்டி எடுத்துட்டு வரட்டுமா?” என்பார்கள். நாலு பேரோடு சேர்ந்து ஆடுவதே ஆயுளுக்கு நல்லதாக இருக்கலாம் என்று கோபன்ஹேகன்காரர்களும் யோசித்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றபின் வீட்டில் நம்மைத் தேடும் ஆட்கள் குறைந்துபோவார்கள். மாத்திரை எழுதித் தரும் டாக்டர் இதற்கு என்ன எழுதித் தருவார்?

1960, 61 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி ஆடிய ராமநாதன் கிருஷ்ணனைத் தந்த மாநிலம் நம் தமிழ்நாடு. இருந்தும் டென்னிஸ் என்றால் பணக்காரர் ஆட்டம், இளவட்ட ஆட்டம் என்றே ஒதுங்குகிறோம். உக்ரைனின் லியோனிட் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி முப்பது வயதில்தான் ராக்கெட்டைத் தொட்டார். 2021-இல், 97 வயதில், மயோர்க்கா தீவில் உலகப் போட்டி ஆடினார்.

சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘டென்னிஸ் எல்போ’ வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடாதவர்கள். ஆனாலும் மணிக்கட்டால் பேக்ஹேண்ட் இழுத்தால், ஸ்டிரிங் விறைப்பாக இருந்தால், முழங்கை வலிக்கும். பிரஷர், நெஞ்சுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் ஆட்டத்தை முடித்துவிட்டு, உப்புப் போட்ட மோர் குடியுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் டபுள்ஸ் ஆடுங்கள், ஓடும் தூரம் குறைவு. விலை உயர்ந்த ராக்கெட்டுக்கு அவசரம் இல்லை. அந்தக் காசில் டென்னிஸ் ஷூ வாங்குங்கள். ஓட்டப்பயிற்சி ஷூவோடு பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் பிசகிவிடும்.