நன்னாரியும் மாகாளியும்

சென்ற கோடையில் தேன்கனிக்கோட்டைக்கு அருகிலுள்ள கிராமமொன்றில், விவசாயி ஒருவர் ஒரு மூட்டை வேரைக் கொணர்ந்து என்னிடம் காட்டினார். மலையிலிருந்து வந்ததென்று ஒருவர் சொல்ல, நன்னாரியென நம்பி விலைக்கு வாங்கியவர் அவர். ஆனால் வியாபாரி அதை ஏற்காமல் திருப்பிவிட்டார். மூட்டையிலிருந்தது மாகாளிக் கிழங்கு. இத்தகைய நஷ்டம் பிறருக்கு நேராதிருக்கவே இதனை எழுதலாயிற்று.

இரண்டும் பாலுள்ள கொடிகள். இரண்டின் வேரிலும் வாசனை தரும் வஸ்து ஒன்றே. ஆகையால் மணத்தை மட்டும் கொண்டு தீர்மானித்தல் கூடாது. நன்னாரி வேர் மெல்லியது, கடினமானது, நடுவில் கட்டை உடையது. மேல்தோல் கருமை கலந்த பழுப்பு நிறமாயிருக்கும். மாகாளி பருத்துச் சதைப்பற்றுடன் இருக்கும். முன்னதைக் கன்னடத்தில் ஸொகதே பேரு என்றும், பின்னதை மாகளி பேரு என்றும் சொல்லுவர். மாகாளி ஊறுகாய்க்குச் சிறந்ததே. ஆயினும் நன்னாரியென்று சொல்லி அதனை விற்பது முறையன்று.

மேலும், மாகாளி தென்னிந்தியாவிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராதது. கிழங்கோடு பிடுங்கப்படுவதால் அருகி வருகிறது. நமது ஜில்லாவில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022-லும் ஏற்பட்டன. அனுமதியின்றி அங்கு வேர் தோண்டுதல் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.

ஆகவே, வேண்டுவோர் நன்னாரியைத் தம் நிலத்திலேயே வளர்ப்பது நலம். கேழ்வரகுக் கொல்லையின் வரப்பும் வேலியோரமும் போதும். நீர் தேங்காத செம்மண் ஏற்றது. இரண்டு அங்குல நீளமுள்ள வேர்த்துண்டுகளை நிழலில் பைகளிலிட்டுத் துளிர்க்கச் செய்து, மழைக்காலத்தில் நட்டுக் கொடி படரக் கொம்பு நாட்டுக. இரண்டு வருஷத்திற்கு மேல் முதிர்ந்தபின் தோண்டலாம். அப்பொழுது சில துண்டுகளை மறு நடவுக்கு நிறுத்திக்கொள்ளல் வேண்டும். வேரைக் கழுவி, மணம் போகாதபடி நிழலில் உலர்த்துக. வாங்குவோரை முன்னரே விசாரியாமல் பெரும் பரப்பில் பயிரிடுதல் வேண்டா.

சொறி, வேர்க்குரு முதலிய தோல் உபாதைகளுக்கும் இரத்த சுத்திக்கும் நன்னாரியை வழங்குவது நம் வைத்திய மரபு. 1864-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் அது இடம் பெற்றது. எனினும் உடலின் கழிவை நீக்குவன கல்லீரலும் சிறுநீரகமுமே. அவற்றின் வேலையை எந்தச் சர்பத்தும் செய்யாது. உணர்ச்சியற்ற தேமல் தோன்றினால் வேரை நம்பிக் காலங்கடத்தாது, உடனே அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுதல் வேண்டும். அது குஷ்டத்தின் அறிகுறியாயிருக்கலாம். தக்க காலத்தில் மருந்துண்டால் முற்றும் குணமாகும்.

வரப்பில் பத்துக் கொடி வைப்பவர், தம் வீட்டுத் தேவைக்கு உண்மையான வேரைப் பெறுவதோடு, மலையிலுள்ள மாகாளியையும் காத்தவராவார்.