கலைப்புலமும் கணிப்பொறியும் இணையும் கல்வி

நம் துறையில் இளங்கலை இறுதியாண்டு பயிலும் மாணவி ஒருவர், மேற்படிப்புக்கெனத் தாம் தெரிவு செய்திருந்த பாடத்தின் பெயரைக் கூறியபோது, உடன் வந்திருந்த அவருடைய தந்தையார் என்னை நோக்கி, "இதைப் படித்து முடித்தால் என் மகள் தமிழாசிரியை ஆவாளா, கம்ப்யூட்டர் வேலைக்குப் போவாளா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் சார்" என்று வினவினார். அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனைச் சற்று விரிவாக எழுதிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

அம்மாணவி குறிப்பிட்ட படிப்பினை மேலைநாட்டார் 'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்' என்பர். மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் முதலிய கலைப்புலத் துறைகளையும் கணிப்பொறித் தொழில்நுட்பத்தையும் ஒரே பட்டத்தின்கீழ் இணைத்துக் கற்பிப்பது இது. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் இதற்கெனத் தனித்துறையே இயங்குகிறது. கலை கற்றோரும் அறிவியல் கற்றோரும் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காத இரு கூட்டத்தாராகப் பிரிந்து நிற்பது குறித்துச் சி. பி. ஸ்நோ 1959ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவு பலரும் அறிந்ததே. ஆயின், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே இத்தாலி நாட்டுப் பாதிரியார் ஒருவர் அவ்விரு கூட்டத்தாரையும் ஒரே மேசையில் அமர்த்திவிட்டார்.

அவர் ரொபெர்த்தோ பூசா (1913-2011). பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்யியலறிஞர் தாமஸ் அக்குவினாஸின் இலத்தீன் நூல்களை ஆராய்ந்தவர். இப்னு ரூஷ்தின் கருத்துகளோடு வாதிட்டவர் என்ற வகையில் அக்குவினாஸ் நம்மவர் சிலர்க்கும் அறிமுகமானவரே. அவருடைய நூல்களில் 'உள்ளிருத்தல்' என்னும் கருத்து எவ்வாறு அமைந்துள்ளது என்பதே பூசாவின் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். அக்கருத்தைச் சுட்டும் பெருஞ்சொற்களைத் தேடிச் சென்றவர், கருத்தின் உயிர் 'இன்' என்னும் சின்னஞ்சிறு இலத்தீன் இடைச்சொல்லில் ஒளிந்திருக்கக் கண்டார். நம் 'உள்', 'இல்' போன்றது அது. அச்சொல் வருமிடங்களை எல்லாம் பத்தாயிரம் அட்டைகளில் கையாலேயே எழுதினார். என் எம்.ஃபில். ஆய்வின்போது சீறாப்புராணத்து உவமைகளை அட்டைகளில் எழுதித் தொகுத்தவன் நான். ஓர் அட்டை தொலைந்தமைக்காக ஒரு வாரம் உறக்கமின்றித் தேடியவன். பத்தாயிரம் என்பதன் பொருள் எனக்கு ஓரளவு விளங்கும்.

எல்லாச் சொற்களுக்கும் இவ்வாறு அடைவு தேவை எனக் கருதிய பூசா, 1949இல் நியூயார்க் சென்று ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து உதவி பெற்றார். துளையட்டைகளில் தொடங்கிய பணி பின்னர்க் கணிப்பொறிக்கு மாறி, 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சேறியது. அதில் அடங்கிய சொற்கள் ஏறத்தாழ ஒரு கோடியே ஆறு இலட்சம். கல்லாராத்தே என்னும் ஊரில் இளம்பெண்கள் பலர் பயிற்சி பெற்று, தாம் அறியாத மொழிகளையும் எழுத்துகளையும் பிழையின்றித் துளையிட்டனர். பூசாவின் பெயர் நிலைத்தது போல அவர்கள் பெயர் நிலைக்கவில்லை; அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்கள் அவர்களைத் தேடத் தொடங்கியுள்ளனர்.

இப்பணியில் கணிப்பொறி உழைத்த காலம் ஏறத்தாழப் பத்தாயிரம் மணி என்றும், மனிதர் உழைத்த காலம் பத்து இலட்சம் மணிக்கும் மேல் என்றும் பூசாவே கணக்குக் கூறியுள்ளார். பொறி வந்தால் புலவனுக்கு வேலை இராது என்று அஞ்சுவோர் இக்கணக்கை நோக்குதல் வேண்டும். ஒரு சொல்லின் பல்வேறு வடிவங்களை அதன் மூலச் சொல்லின்கீழ்க் கொணர்வதும், ஒரே வடிவில் வரும் வெவ்வேறு சொற்களைப் பிரிப்பதும் புலமையின் பாற்பட்டவை. பெரும்பொழுது அங்கேதான் செலவாயிற்று.

இதனைத் தமிழில் வைத்துப் பார்த்தால் மேலும் தெளிவாகும். பூசா தேடியது போல நாம் 'இல்' என்பதைத் தேடுவோம். 'இல்' வீட்டைக் குறிக்கும், இன்மையைக் குறிக்கும், வேற்றுமை உருபாகவும் வரும். உருபாக வரும்போதோ தனித்து நில்லாமல் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 'பள்ளியில்' என்பதும் 'யில்' என்றே முடிகிறது; 'குயில்' என்பதும் 'யில்' என்றே முடிகிறது. முன்னதில் உருபு உண்டு, பின்னதில் இல்லை என்பதை நம் முதலாண்டு மாணவரும் அறிவர். பொறி தானாக அறியாது. எவ்விதியால் நாம் அறிகிறோம் என்பதை ஐயமறச் சொல்லுமாறு அது நம்மைக் கேட்கிறது. பல நேரங்களில் நம்மால் உடனே சொல்ல இயலுவதில்லை. அறிந்த ஒன்றை விதியாக வகுத்துச் சொல்லும் பயிற்சியே இவ்விணைப்படிப்பின் உயிர்நாடி என்பது என் கருத்து. இலக்கண நூலாரும் இதைத்தானே செய்தனர்?

நம் கையருகே கிடக்கும் மற்றொரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். முகம்மது, முகமது, முஹம்மது, மகமது எனத் தமிழ் நூல்களில் ஒரே பெயர் பல வடிவில் எழுதப்பட்டுள்ளது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கு ஒரு சொல்லடைவு உருவாக்க விழைவோர், இவை ஒன்றே என்று பொறிக்கு உரைத்தல் வேண்டும். தமிழ் ஒலிகளுக்கேற்பச் சில எழுத்துகளை மாற்றியமைத்து அரபு எழுத்தில் எழுதப்பட்ட அரபுத்தமிழ் நூல்களோ இன்னும் கடினமானவை. கல்லச்சில் வெளிவந்த அத்தகைய நூல்கள் நம் பெரியோர் இல்லங்களில் இன்றும் உள்ளன. அவற்றைப் படம்பிடித்துக் கணிப்பொறியில் இடுவது எளிது. படிக்கத் தெரிந்தோர் அருகி வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் நம் வகுப்பறைகளிலிருந்து வராவிடில் வேறு எங்கிருந்து வருவர்? சங்க இலக்கியத்திற்கே 1992இல் சொல்லடைவு ஒன்றைத் தொகுத்தளித்தவர்கள் தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள். நன்றியோடு கூடச் சிறிது நாணமும் கொள்ள வேண்டிய செய்தி இது.

இனி, பாடங்களைப் பற்றி. நிரல் எழுதுதல், புள்ளியியலின் அடிப்படை, சுவடிகளைப் படம்பிடித்துக் காத்தல், பதிப்புரிமைச் சட்டம் ஆகியவை பொதுவாக இடம்பெறும். இவற்றோடு பனுவலுக்குக் குறியிடுதல் என்றொரு பாடமும் உண்டு. ஒரு பக்கத்தில் எது தலைப்பு, எது மூலம், எது உரை, எச்சொல் அடிக்கப்பட்டு மாற்றப்பட்டது என்பவற்றைப் பொறி உணருமாறு அடையாளமிடும் முறை அது. இதற்கான பொது நெறிகளை வகுக்கும் பணி 1987இல் அமெரிக்காவில் கூடிய அறிஞர் கூட்டத்தில் தொடங்கியது. நம் நாட்டில் இதன் பயனைக் காண விழைவோர், கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட 'பிசித்ரா' என்னும் தாகூர் தொகுப்பினைக் காணலாம். கையெழுத்துப் படிகளும் அச்சு நூல்களுமாக 1,39,000க்கு மேற்பட்ட பக்கங்கள் அதில் உள்ளன. பாடபேதங்களை ஒப்பிட்டுக் காட்டும் வசதியும் உண்டு. அதற்குத் தலைமை தாங்கிய சுகாந்த சௌதுரி ஆங்கில இலக்கியப் பேராசிரியர், பொறியாளர் அல்லர்.

எனினும், பெயரை மட்டும் கண்டு மயங்குதல் கூடாது. இரு துறையிலிருந்தும் அரைகுறையாகப் பாடங்களை எடுத்து அடுக்கிவிட்டு இணைப்படிப்பு என்று விளம்பரம் செய்வதும் நடவாததன்று. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியரும் கணிப்பொறி கற்பிக்கும் ஆசிரியரும் அங்கு உண்மையில் உள்ளனரா, இறுதியில் மாணவர் தாமே ஒரு பனுவலை எடுத்துச் செய்து முடிக்கும் திட்டப்பணி உண்டா என்ற இரண்டையும் கேட்டறிதல் நலம். வெளிநாட்டில் கட்டணம் மிகுதி. வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். நூலகம், ஆவணக்காப்பகம், பதிப்பகம், மொழித் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆகியவை இத்தகையோரை நாடுகின்றன என்பதே சொல்லத்தக்கது.

சில நாள்களுக்கு முன் அம்மாணவி தந்தையாருடன் மீண்டும் வந்தார். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் சிறு நிரல் ஒன்றைத் தாமே கற்று எழுதியிருந்தார். 'குயில்' என்று இட்டபோது அது ஆறு என்றது. தந்தையார் விரல் விட்டு எண்ணி, கு, யி, ல் என மூன்றுதானே என்றார். யூனிகோடு முறையில் ககரம், உகரக்குறி, யகரம், இகரக்குறி, லகரம், புள்ளி என ஆறு குறியீடுகளாக அச்சொல் பதிவாவதையும், பொறி அவற்றையே எண்ணியதையும் மகள் அவருக்கு விளக்கினார். பிறகு, குறிகளையும் புள்ளியையும் முன் எழுத்தோடு சேர்த்தெண்ணுமாறு அங்கேயே நிரலைத் திருத்தி மூன்று என்று காட்டினார். அசை பிரிப்பதற்கு அந்த எண்ணிக்கை முதலில் சரியாக வேண்டும் என்று நான் சொன்னேன். விண்ணப்பம் அனுப்ப இறுதி நாள் என்று என அவர் என்னிடம் கேட்டார்.