புகையிலை இலையின் தற்காப்புச் செலவு

புகையிலைத் தேமல் வைரஸின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 18. உள்ளே சுமார் 6,400 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ இழை. அதைப் போர்த்தி 2,130 புரதங்கள், ஒவ்வொன்றிலும் 158 அமினோ அமிலங்கள். பெருக்கினால் 3,36,540. ஓர் அமினோ அமிலத்தைக் கோக்கச் செல்லுக்கு ஏறக்குறைய 4 ஏடிபி, அதாவது செல்லின் ஆற்றல் நாணயம், ஆகிறது. ஆக, ஒரே வைரஸின் உறைக்கு 13.5 லட்சம் ஏடிபி. தொற்றிய செல் ஒன்றில் 10 லட்சம் வைரஸ்கள்கூடச் சேரும். அப்போது செலவு 1.35 லட்சம் கோடி. அத்தனையும் இலையின் கைப்பொருள்.

‘என்’ எனப்படும் எதிர்ப்பு மரபணு உள்ள ரகங்கள் இந்தக் கொள்ளையை வளரவிடுவதில்லை. வைரஸ் கலந்த சாற்றை இலையில் தேய்த்தால் இரண்டு நாளில் சில மில்லிமீட்டர் அகலப் பழுப்புப் புள்ளிகள் எழும். அங்கே செல்கள் தாமே மடிந்திருக்கும். வைரஸ் அந்த வட்டாரத்திலேயே அடைபடும். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் இந்தக் காவல் தளர்ந்துவிடும்.

1990-இல் அளந்து பார்த்தார்கள்: தொற்றிய இலையில் சாலிசிலிக் அமிலம் குறைந்தது 20 மடங்கு கூடியது, வைரஸ் தீண்டாத இலைகளிலும் 5 மடங்கு. அந்த அமிலமே சேதி; அது கிடைத்ததும் இலை ‘பிஆர்’ எனப்படும் புதுப் புரதங்களைச் செய்யத் தொடங்கும். நெதர்லாந்தின் வாகனிங்கனிலும் பிரான்ஸின் டிஜோனிலும் 1970-இல் முதலில் கண்ட இவை இன்று 17 குடும்பங்கள். பிஆர்-1 மட்டுமே மொத்த இலைப் புரதத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை ஏறும். அதன் ஒரு வகையை 168 அமினோ அமிலங்களில் கோத்து, செல்லைவிட்டு அனுப்பும் வழியில் 30-ஐ வெட்டிவிடுகிறது செடி. ஒரு வைரஸ் உறைக்கான பொருளில் இப்படி 2,000 செய்யலாம்.

இவ்வளவு செலவும் வைரஸையா கொல்கிறது? இல்லை. பிஆர்-1-ஐ ஓயாமல் சுரக்க வைத்த புகையிலையிலும் 1989-இல் தேமல் குறையவில்லை. 1993-இல் குறைந்தது நீலப்பூஞ்சண நோய். இன்னொரு பிஆர் புரதமான கைட்டினேஸ் அறுப்பதும் பூஞ்சைச் சுவரின் கைட்டினைத்தான். வைரஸில் கைட்டினே கிடையாது. அதே கூட்டத்தைச் சேர்ந்த குளுக்கனேஸ் இன்னும் மோசம். செல்களுக்கிடையே உள்ள நுண்துளைகளை அடைக்கும் காலோஸை அது கரைக்கிறது. குளுக்கனேஸைக் குறைத்த செடிகளில் புள்ளிகள் சிறுத்தன, வைரஸ் மெதுவாகப் பரவியது என்று 1996-இல் தெரிந்தது. ஆகவே, பிஆர் புரதம் ஏறியதை மட்டும் காட்டி வைரஸ் எதிர்ப்பு என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். செடி இங்கே வாங்குவது அடுத்து வரக்கூடிய பூஞ்சைக்கான காப்பு.

அதைச் சும்மா இருக்கும் நாளிலும் வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. இந்தப் புரதங்களை எப்போதும் சுரக்கும் அராபிடாப்சிஸ் என்ற செடியின் திரிபு ஒன்றை 1994-இல் விவரித்தார்கள். அந்தச் செடி குட்டையாகவே நின்றுவிட்டது.